தொந்தரவு தராத நோயாளி

பெரியம்மாவுக்குக் குடலிறக்கம் முறுக்கிக்கொண்டு அவசரமாக ஆபரேஷன் நடந்தது. எழுபத்தாறு வயது. ஐ.சி.யு.வில் காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம், ஒரே ஒரு ஆள் பார்க்கலாம். இரண்டாம் நாள் மாலை என் முறை. பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனால் கண் திறந்துதான் இருந்தார். "வா தம்பி, சாப்பிட்டியா?" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அப்புறம்தான் கையைப் பார்த்தேன். போர்வை ஓரத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ எடுத்து வைத்தன, சுற்றின, இழுத்து முடிச்சுப் போட்டன. மறுபடி எடுத்து வைத்தன. ஐம்பது வருஷம் பூக்கட்டிய விரல்கள் அவை.

"என்ன பெரியம்மா பண்றீங்க?"

"வெள்ளிக்கிழமைல்ல, நாலு முழமாச்சும் வேணாமா?"

அன்று செவ்வாய்க்கிழமை. நர்ஸிடம் சொன்னேன். "தங்கமான பாட்டி சார், ஒரு தொந்தரவும் இல்ல. வயசானா அப்படித்தான்" என்று சிரித்தார். அவர் மேல் குறையில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் மூக்குக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போலீஸைக் கூப்பிடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிடிக்கப்பட்டவருக்கும் பூக்கட்டிய பெரியம்மாவுக்கும் வந்தது அநேகமாக ஒரே சங்கதிதான். மருத்துவர்கள் அதை டெலிரியம் என்கிறார்கள். நம் பாட்டிமார் 'ஜன்னி கண்டுடுச்சு' என்று சொன்னதில் பெரும்பகுதி இதுவே. காய்ச்சலில் கிடப்பவர் போர்வையிலிருந்து நூல் பிய்ப்பதையும், காற்றில் எதையோ துழாவுவதையும் ஹிப்போகிரேட்டஸ் காலத்துக் கிரேக்க வைத்தியர்களே கெட்ட குறி என்று எழுதிவைத்திருக்கிறார்கள். டெலிரியம் என்ற லத்தீன் சொல்லின் வேர் ஏர் ஓட்டுவதில் இருக்கிறது: உழவுச் சாலை விட்டுக் கலப்பை விலகிப்போவது. உழுதவர்களுக்குத் தெரியும், கலப்பை ஒரேயடியாக வரப்பில் ஏறிவிடுவதில்லை. முதலில் ஒரு சாண் பிசகும்.

அந்த ஒரு சாணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கத்துகிற டெலிரியத்தை யாரும் தவற விடுவதில்லை. ஆனால் ஐ.சி.யு.வில் அதிகம் வருவது அடங்கிக் கிடக்கிற வகை. கூப்பிட்டால் விழிப்பார், கேட்டதற்கு ஒரு வார்த்தை சொல்வார், மறுபடி எங்கோ போய்விடுவார். இதைக் கண்டுபிடிக்க, தேடிப்போக வேண்டும். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் வெஸ் ஈலியும் அவரோடு இருந்தவர்களும் 2001இல் அதற்கு எளிய சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். தொண்டையில் குழாய் இருப்பவரால் பேச முடியாது, ஆனால் கையை அழுத்த முடியும். பத்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். 'ஏ' வரும்போது மட்டும் விரலை அழுத்த வேண்டும். கல் தண்ணீரில் மிதக்குமா, கடலில் மீன் உண்டா என்றும் கேட்பார்கள். இரண்டே நிமிட வேலை. கவனம் நிற்கிறதா என்பதுதான் இதில் முக்கியமான கேள்வி. டெலிரியத்தில் முதலில் கழன்று போவது ஞாபகம் அல்ல, கவனம்.

அதே 2001இல் கனடாவின் மான்ட்ரியாலில் நிக்கோலா பெர்ஜெரோன், யோவானா ஸ்க்ரோபிக் குழுவினர் வேறொரு வழி பிடித்தார்கள். நர்ஸ் தன் ஷிஃப்ட் முழுவதும் பார்த்ததை வைத்து எட்டு விஷயங்களுக்கு மதிப்பெண் போடுவார்: விழிப்பு நிலை, கவனச் சிதறல், நாள்-இடம் குழம்புவது, இல்லாததைக் காண்பது, பரபரப்பு அல்லது மந்தம், பொருந்தாத பேச்சு, தூக்கம் தலைகீழாவது, இவையெல்லாம் ஏறி இறங்குவது. இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். நான்கு வந்தால் டெலிரியம்.

சரி, மூன்று வந்தால்? சுகர் 'பார்டர்ல இருக்கு' என்று சொல்லிவிட்டு ஜாங்கிரியை எடுத்துக்கொள்வோமே, அந்தக் கதைதான் இங்கும். மான்ட்ரியால் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்று முதல் மூன்று வரை வாங்கியவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தது. ஐ.சி.யு. நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அந்த நடுப்பகுதியில் இருந்தார்கள். அவர்கள் மருத்துவமனையில் கிடந்த நாட்களும் நடுவில் விழுந்தன: தெளிவாக இருந்தவர்களைவிட அதிகம், முழு டெலிரியக்காரர்களைவிடக் குறைவு. இந்த அரைக்குழப்பம் உயிருக்கே ஆபத்தா என்பதில் பின்னால் வந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. நாள் நீள்கிறது என்பதில் அவ்வளவு சந்தேகமில்லை. நான்கு என்பது நாம் வசதிக்காகப் போட்ட கோடு. மூளைக்குள் அப்படி ஒரு கோடு கிடையாது. வைத்தியம் படிக்காத என் கணக்கில் பெரியம்மா இரண்டோ மூன்றோ எடுத்திருப்பார்.

ஏன் இப்படி ஆகிறது? அறுத்தது வயிற்றை, தடுமாறுவது தலை. உடம்பில் கிருமியோ காயமோ உண்டாக்கும் அழற்சி வேதிப்பொருள்கள் ரத்தத்தில் சுற்றி, மூளைக்கு இருக்கும் காவலைத் தளர்த்துகின்றன. கவனத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் குறைகிறது. போதாக்குறைக்கு நாம் கொடுக்கும் மருந்து. நோயாளியை அமைதிப்படுத்த ஏற்றும் லோராசெபாம் டெலிரியம் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று நாஷ்வில் குழுவே 2006இல் காட்டியது. மணிக்கொரு தரம் அலாரம், அணையாத குழல்விளக்கு, பகலா ராத்திரியா என்று தெரியாத சுவர். 1972இலேயே ஒரு மருத்துவர் ஜன்னல் உள்ள ஐ.சி.யு.வையும் ஜன்னல் இல்லாததையும் ஒப்பிட்டார். ஜன்னல் இல்லாத இடத்தில் டெலிரியம் இரண்டு மடங்குக்கும் மேல்.

வீடு திரும்பினால் சரியாகிவிடும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2013இல் 821 பேரைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு அதைக் கலைத்தது. டெலிரியம் எத்தனை நாள் நீடித்ததோ அந்த அளவுக்கு ஒரு வருஷம் கழித்தும் யோசிக்கும் திறன் மட்டுப்பட்டிருந்தது. நான்கில் ஒருவரின் மதிப்பெண், ஆரம்பநிலை அல்சைமர் நோயாளியின் அளவுக்கு இறங்கியிருந்தது. அவர்களில் இளவயதினரும் உண்டு.

மாத்திரை இருக்கிறதா என்றால், சொல்லும்படி இல்லை. இதய ஆபரேஷனுக்குப் பின் அரைக்குழப்பத்தில் இருந்த முதியவர்களுக்கு ரிஸ்பெரிடோன் கொடுத்து, முழு டெலிரியம் குறைந்ததாக 2012இல் ஒரு ஆய்வு சொன்னது. 2016இல் 68 பேருக்கு நடந்த ஹாலோபெரிடால் சோதனையில் அப்படி எதுவும் தடுக்கப்படவில்லை. முழு டெலிரியத்துக்கே ஹாலோபெரிடால் வெற்று மருந்தைவிட மேலாக இல்லை என்று 2018இல் பெரிய ஆய்வு ஒன்று முடித்துவைத்தது.

பலன் தந்தவை சின்ன விஷயங்கள். பொது வார்டில் இருந்த 852 முதியவர்களை வைத்து ஷாரன் இனோயே 1999இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடியும் காது மெஷினும் கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், நடக்க வைத்தார்கள், ராத்திரி தூங்க விட்டார்கள். டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9க்கு இறங்கியது. கொரோனா காலத்தில் 14 நாடுகளின் ஐ.சி.யு.க்களில் 2088 பேரைப் பார்த்தபோது, சொந்தக்காரர்கள் நேரிலோ வீடியோவிலோ பார்த்தவர்களுக்கு டெலிரியம் குறைவாக இருந்தது.

பெரியம்மாவின் மூக்குத்தி, பல்செட், கண்ணாடி எல்லாவற்றையும் முதல் நாளே பாலித்தீன் பையில் போட்டு எங்களிடம் கொடுத்திருந்தார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று. நாங்களும் பீரோவில் பூட்டி வைத்திருந்தோம்! கண்ணாடியை மறுநாள் கொண்டுபோய் மாட்டினேன். என் முகத்தை உற்றுப் பார்த்து, "ஏண்டா, சவரம் பண்ணலையா?" என்றார். விரல்கள் அன்று மாலைக்குள் நின்றுவிட்டன.

ஒன்று மட்டும் புரியவில்லை. பிசியோதெரபிக்கு வந்த பெண் காலைத் தொங்கப்போடச் சொன்னபோதெல்லாம் முழங்காலை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். வலி இல்லை என்றார். 'ஒத்துழைக்கவில்லை' என்று ஃபைலில் எழுதினார்கள்.

டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் நார்வேயிலும் ஐ.சி.யு. நர்ஸுகள் நோயாளிக்காக டைரி எழுதுகிறார்கள். இன்று குழாய் எடுத்தோம், உங்கள் மகள் வந்தாள், மழை பெய்தது என்று. காரணம், டெலிரியத்தில் கண்டவை கனவைப்போல் கலைவதில்லை. நடந்ததாகவே மனசில் தங்கிவிடும். பைத்தியம் என்று நினைப்பார்களோ என்ற கூச்சத்தில் நோயாளிகள் வெளியே சொல்வதுமில்லை.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் இருக்கும். திண்ணையில் மல்லி மொட்டைக் குவித்துக் கட்டிக்கொண்டிருந்த பெரியம்மா, வீட்டில் யாரும் பக்கத்தில் இல்லையா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தம்பி, அந்த ஆஸ்பத்திரில என் கட்டிலுக்குக் கீழ ஒரு கிணறு இருந்துச்சே... மூடிட்டாங்களா?"