உடையும் என்பது தெரியும், எங்கே என்பது தெரியாது

இரண்டின் 67ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் 14,75,73,95,25,89,67,64,12,927 என்ற 21 இலக்க எண் வரும். பிரான்ஸ் நாட்டுத் துறவி மரின் மெர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலில் இதைப் பகா எண் என்று சேர்த்திருந்தார். அது தவறு என்று 1876இல் எடுவார் லூக்கா நிறுவினார். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் இதை 19,37,07,721 × 7,61,83,82,57,287 என்று பிரித்துக் காட்டினார். கோல் வாய் திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது என்று ஒரு கதை உலவுகிறது. அந்தக் கதையின் கவர்ச்சியில் லூக்காவை மறந்துவிடுகிறோம். இந்த எண்ணின் வரலாற்றில் பெரிய பாய்ச்சல் 1876இல் நடந்தது என்றே நான் கருதுகிறேன். எண் எதனால் வகுபடும் என்று தெரியாமலேயே, அது வகுபட்டே தீரும் என்று லூக்கா சொன்னார்.

வகுக்கும் எண்ணைக் காட்டாமல் அப்படிச் சொல்வது எப்படிச் செல்லும்? பகா எண்ணுக்குக் கட்டாயம் இருந்தாக வேண்டிய ஒரு குணம் இல்லையென்றால் அது பகா எண் அல்ல, அவ்வளவுதான். லூக்காவின் சோதனையைப் பின்னாளில் லேமர் என்ற கணிதவியலாளர் எளிமையாக்கினார். இரண்டின் 5ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 31ஐ எடுத்துக்கொள்வோம். 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, 31ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டே போனால் 4, 14, 8, 0 என்று வரும். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளில் பூஜ்யம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். 11ஆம் அடுக்கில் வரும் 2047க்கு ஒன்பதாவது படியில் மிஞ்சுவது 1736. அதன் காரணிகளான 23உம் 89உம் இந்தக் கணக்கில் தலைகாட்டவே இல்லை, ஆனாலும் தீர்ப்பு உறுதி. நம் 21 இலக்க எண்ணுக்கு 65 படிகள் போதும்.

அப்படியானால் கோலின் உழைப்பு வீணா? நிச்சயமாக இல்லை. இந்த எண்ணின் எந்தக் காரணியும் 134ஆல் வகுத்தால் மீதி 1 தர வேண்டும் என்ற விதி இருந்தும், சிறிய காரணி அந்த வரிசையில் 14,45,580ஆவது இடத்தில் ஒளிந்திருந்தது. கோல் வர்க்க மீதிகளைக் கொண்டு வேண்டாதவற்றைச் சலித்துத் தள்ளி அதைப் பிடித்தார். அவர் விடையைப் பெருக்கத் தெரிந்த எவரும் சரிபார்க்கலாம். லூக்காவின் முடிவை ஏற்க அதன் பின்னுள்ள தேற்றம் புரிய வேண்டும். இன்று கணினி இரண்டையும் நொடியில் முடித்துவிடுகிறதே, பிறகென்ன வேறுபாடு என்று கேட்கலாம். 21 இலக்கத்துக்கு அது சரி. இலக்கங்கள் கூடக் கூட இடைவெளி பிளந்துகொண்டே போகிறது. எந்த எண்ணும் பகா எண்ணா என்று ஊகம் எதுவும் கலக்காமல் விரைவாகச் சொல்லும் முறையை கான்பூர் ஐ.ஐ.டி.யின் மனிந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் 2002இல் தந்தார்கள். காரணிகளைக் கண்டுபிடிக்க, சாதாரணக் கணினிக்கு அதற்கு ஈடான விரைவு முறை எதுவும் இதுவரை அறியப்படவில்லை. ஆர்.எஸ்.ஏ. என்னும் மறையீட்டு முறை இந்த இடைவெளியை நம்பியே நிற்கிறது. அதில் சாவி செய்பவர் முந்நூறு இலக்கங்களுக்கு மேற்பட்ட இரண்டு பகா எண்களைச் சோதித்துத் தேர்ந்தெடுத்துப் பெருக்குகிறார், அவருக்கு லூக்காவின் வழி போதும். அதை உடைக்க வருபவர், 617 இலக்கங்கள் கொண்ட பெருக்கற்பலனோடு, கோலின் வேலையைச் செய்தாக வேண்டும்.