குரலுக்கும் ஒரு காம்பரா வேண்டும்

லயத்தில் வளர்ந்த எவருக்கும் இது தெரியும். முதல் காம்பராவில் ஒருவர் இருமினால் மூன்றாம் காம்பராவில் கேட்கும். பிள்ளையின் அழுகை, குடித்துவிட்டு வந்தவரின் ஏச்சு, நள்ளிரவில் ஒரு தாயின் விம்மல் எல்லாமே அங்கு பொதுச் சொத்து. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சாதாரண தரப் பரீட்சைக்குச் சங்கீதம் எடுத்த பெண்பிள்ளை, 10 அடிக்கு 12 அடி காம்பராவில் எங்கே இருந்து பாடிப் பழகுவாள்? விடிந்ததும் பிரட்டுக்குப் போகவேண்டிய அயலவர் உறங்க வேண்டும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே பிள்ளைதான் குரலை அடக்கிக்கொள்கிறாள்.

வடக்கில் இருக்கும் எமது சகோதரிகளுக்கும் இது புதிதல்ல. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. யுத்தத்தின் முடிவில், 2009இல், செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாள் கூடாரங்களுக்குள் இருந்தவர்களுக்கு, வாய்விட்டு அழவும் மறைவிடம் இல்லாததன் வேதனை தெரியும்.

ஆயினும் எமது பெண்கள் பாடாமல் இருந்ததில்லை. கொழுந்து மலையிலும் தொட்டிலடியிலும் சாவீட்டிலும் அவர்கள் பாடினார்கள். மீனாட்சியம்மாள் நடேசய்யர் தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாட்டுக் கட்டிப் பாடி உரிமை கேட்டார். வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். எழுத்தில் வந்தவை பிழைத்தன. ஆனால் அவற்றைப் பாடிய பெண்களின் குரலும் இராகமும் இழுப்பும் எழுத்தில் வராது. இன்று அப்பாடல்களை அறிந்த பாட்டிமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எனவே பாடிப் பழகவும் ஒலிப்பதிவு செய்யவும் வீட்டுத் தோட்டத்து மூலையில் ஒரு சிறு காம்பரா கட்டுவது ஆடம்பரமல்ல. அதை எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம்.

சத்தம் போகும் வழி

சத்தம் இரண்டு வழியாக வெளியேறும். ஒன்று, துவாரங்கள். மற்றது, சுவரும் கூரையும் அதிர்ந்து மறுபக்கத்துக்குக் கடத்துவது. துவாரத்தை அடைக்க வேண்டும். சுவருக்குப் பாரம் வேண்டும். இவை இரண்டுமே முக்கியம்.

இரு பக்கமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் சத்தத்தை ஏறக்குறைய 50 டெசிபல் குறைக்கும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் இருக்கும். ஆனால் கதவின் கீழ் முக்கால் அங்குல இடைவெளி இருந்தால், அது அந்தக் கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கே போதும். எவ்வளவு கனமான கதவானாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. கிழிந்த சாக்கில் அரிசி கட்டியதுபோலத்தான்.

முட்டை அடுக்கும் அட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு. அவற்றுக்குப் பாரம் இல்லை. உள்ளே எதிரொலியைச் சற்றுக் குறைக்கலாம். ஆனால் இலகுவில் தீப்பற்றும். மெத்தை ஸ்பொஞ்சும் அப்படியே.

கட்டும் முறை

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவாக இருந்தால் சில சுரங்கள் மட்டும் முழங்கும். 8 அடி அகலம், 11 அடி நீளம், 9 அடி உயரம் என்பதுபோல் வேறுபடுத்துங்கள். சுவரை இரு பக்கமும் ஓட்டையின்றிப் பூசுங்கள். கனமான பலகைக் கதவு போட்டு, நிலையைச் சுற்றியும் அடியிலும் இறப்பர் பட்டி அடியுங்கள். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டியும் அடிக்கலாம். ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரு கதவுகள் வைத்தால் இன்னும் நல்லது. யன்னல் வேண்டாம்.

கூரைதான் பெரிய தொல்லை. தகரத்தில் மழை விழுந்தால் பேச்சும் கேட்காது. தகரத்தைத் தொடாமல், சுவரில் ஊன்றிய தனி மரங்களில் இரட்டைப் பலகையால் உட்கூரை அமைத்து, இணைப்புகளை அடைக்க வேண்டும். அப்போதும் பெருமழை கேட்கும். உடப்புசல்லாவை மலைகளின் கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகீழ்ப் பருவமழை பலமாகப் பெய்யும். ஒலிப்பதிவை வெயில் மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தப்பு போன்ற தோற்கருவிகளின் ஆழ்ந்த ஓசையை இந்தக் காம்பராவும் முழுதாய் அடக்காது. அதைப் பகலில் அடிப்பதே அயலவர்க்கு மரியாதை.

உட்புறம் வெறும் சுவராக இருந்தால் குரல் எதிரொலிக்கும். கம்பளிகளைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளித் தொங்கவிடுங்கள். பனிமூட்டத்தில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் அடிக்கடி வெயிலில் காயப்போடுங்கள்.

உயிருக்கு முதலிடம்

அடைத்த காம்பராவில் காற்று கெடும். சுவரில் வளைந்து வளைந்து செல்லும் காற்றுவழி ஒன்று அமைத்து, அதன் உட்புறம் கம்பளி ஒட்டினால் காற்று வரும். சத்தம் குறைந்தே போகும். அதோடு அரைமணிக்கு ஒருமுறை கதவைத் திறந்துவிடுங்கள். குளிருக்காகக் கரியடுப்போ மண்ணெண்ணெய் அடுப்போ உள்ளே ஒருபோதும் வைக்காதீர்கள். அந்தப் புகையிலுள்ள நஞ்சுக்கு மணமே இல்லை. உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும்.

சரிவை வெட்டிக் கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை பெறுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளை மலையகம் மறக்காது.

இடம் யாருடையது?

7 பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்தவர்களுக்கு மூலையில் இடமிருக்கும். லயத்தில் உள்ளவர்கள் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியின்றி ஒரு கல்லும் வைக்க முடியாது. தனித்தனியே கேட்பதிலும் மாதர் சங்கமாகச் சேர்ந்து கேட்பது பலன் தரும். பாவிக்காத பிள்ளைமடுவமோ வாசிகசாலையின் ஒரு காம்பராவோ கிடைத்தால் சுவர்ச் செலவு மிச்சம். கதவையும் உட்கூரையையும் சரிசெய்தால் போதும். நேர அட்டவணை போட்டு எல்லாப் பிள்ளைகளும் பாவிக்கலாம்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. துணி நிறைந்த அலுமாரியைத் திறந்துவைத்து, அதைப் பார்த்தபடி உட்கார்ந்து, கைத்தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கமாக வைத்துப் பதிவுசெய்யுங்கள். அழைப்பு வராதபடி விமானநிலைக்கு மாற்றுங்கள். பதிவை இரண்டு இடங்களில் சேமியுங்கள். பாடியவரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பாட்டின் முன் சொல்லவைக்கலாம். அவர் விரும்பினால் மட்டும்.

இந்த விருப்பம்தான் எல்லாவற்றிலும் பெரிது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் பெயரைச் சொல்லி ஒரு தாய் ஒப்பாரி பாடினால், அந்தப் பதிவு அவளுடையது. யார் கேட்கலாம், யார் கேட்கக்கூடாது என்று அவளே சொல்ல வேண்டும். பிறகு மனம் மாறி அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும். சுவரும் கதவும் சத்தத்தைக் காக்கும். அவளது சம்மதத்தைக் காப்பது எங்கள் பொறுப்பு.

பிள்ளை பாடிப் பழகவும், பாட்டி தன் பாட்டை விட்டுச்செல்லவும், ஒரு பெண் யாருக்கும் கேட்காமல் ஒருதடவை வாய்விட்டு அழவும் அந்தச் சிறு காம்பரா உதவும். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப்பற்றிப் பேசிப் பாருங்கள்.