கல்வெட்டு முதல் புகைபோக்கி வரை: படங்கள் ஒன்றாகும் விதம்

வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், மின்கோபுரங்கள், கொசஸ்தலை ஆறு, கரையில் கட்டிய படகு. இத்தனையும் ஒரே படத்தில் அடங்காது. நின்ற இடத்திலிருந்தே மெல்லத் திரும்பி ஏழெட்டுப் படங்கள் எடுத்துக் கணினியில் ஏற்றினால், ஃபோட்டோஷாப்போ இலவச மென்பொருளான ஹியூகினோ அவற்றை ஒரே அகலப் படமாக்கிவிடும்.

தமிழ்நாட்டில் இந்த முயற்சிக்கு வயது 160-க்கும் மேல். 1858-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லினேயஸ் ட்ரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்தார். 21 படங்களைச் சேர்த்து ஒட்டியபோது கிடைத்தது சுமார் 19 அடி நீளப் படம்!

சுவரையொட்டிக் கேமராவை நகர்த்தியே அவரால் படமெடுக்க முடிந்தது. காரணம், எழுத்துகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தளத்தில் இருந்தன. வள்ளூரில் அப்படி நகர்ந்தால் வேலை கெடும். கேமரா ஒரு சாண் தள்ளினாலே அருகிலுள்ள படகு, தொலைவிலுள்ள புகைபோக்கியின் முன்னால் இடம் மாறிவிடும். இதுவே இடமாறு தோற்றம். அதனால்தான் கால் நகராமல், லென்ஸை அச்சாக வைத்துத் திரும்ப வேண்டும்.

மென்பொருள் செய்வது என்ன? கனடாவின் டேவிட் லோவ் 1999-ல் வெளியிட்ட 'சிஃப்ட்' முறை, படத்தில் தனித்துத் தெரியும் புள்ளிகளைக் கண்டெடுத்து, ஒவ்வொன்றின் சுற்றுப்புறத்தையும் நூற்றுக்கும் மேற்பட்ட எண்களாக எழுதிவைக்கிறது. படம் சாய்ந்தாலும் சிறுத்தாலும் இந்த எண்கள் அதிகம் மாறுவதில்லை. எண்கள் ஒத்துப்போகும் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டே இரு படங்களும் பொருத்தப்படுகின்றன. மனிதத் துணையின்றி முழு அகலப் படத்தையும் கணினியே கோக்கும் வழியை மாத்யூ பிரவுனும் லோவும் 2003-ல் காட்டினார்கள்.

பொருந்தினால் மட்டும் போதாது. ஒட்டிய தடமும் மறைய வேண்டும். வானம் போன்ற வெளிச்ச மாற்றங்களை அகலமாகவும், கம்பி போன்ற நுண்விவரங்களைக் குறுகலாகவும் கலக்கும் உத்தியை ஆய்வாளர்கள் பர்ட், ஏடல்சன் இருவரும் 1983-லேயே வகுத்துவிட்டார்கள்.

வள்ளூரில் தண்ணீரும் புகையும்தான் சோதனை. அடுத்த படம் எடுப்பதற்குள் அலையும் புகையும் உருமாறிவிடும்; அவற்றில் நிலையான புள்ளி கிடைக்காது. வெளிச்ச அளவையும் குவியத்தையும் மாறாமல் பூட்டிவிட்டு, கேமராவை நெட்டாகப் பிடித்து, ஒவ்வொரு படத்திலும் மூன்றில் ஒரு பங்கு அடுத்த படத்திலும் வருமாறு எடுக்க வேண்டும். அலையும் புகையும் கைகொடுக்காது என்பதால், அந்தப் பொதுப் பகுதியில் ஒரு மின்கோபுரமோ புகைபோக்கியோ கட்டாயம் நிற்கட்டும்.