போர்வைக்குள் ஒளித்துப் படிக்க ஒரு தமிழ்ப் புத்தகம் உண்டா?

ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்த என் அம்மாவுக்கு நியூ ஜெர்சிக் குளிரில் வெளியே போக வழியில்லை. சோபாவில் உட்கார்ந்து பேத்தியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பேத்தியோ தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தில் முகத்தைப் புதைத்திருப்பாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். “அப்படி என்னடி கண்ணு அதுல இருக்கு? சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டேங்கிற.”

அவளுக்கு 15 வயது. கால் தமிழும் முக்கால் ஆங்கிலமுமாகக் கதை சொன்னாள். ரெபெக்கா யாரோஸ் எழுதிய ‘ஃபோர்த் விங்’. டிராகன் மீதேறிப் போரிடக் கற்றுத்தரும் ஒரு கல்லூரி. எலும்பெல்லாம் பலவீனமான ஒரு பெண்ணை, தளபதியான அவளுடைய அம்மாவே அங்கே தள்ளிவிடுகிறாள். அதே கல்லூரியில் அந்த அம்மாவைப் பழிதீர்க்கக் காரணமுள்ள ஒருவன். முரடன், திமிர் பிடித்தவன், ஆனால் அழகன். முதலில் இருவருக்கும் ஆகவே ஆகாது. அப்புறம்...

அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு என்னிடம் திரும்பினார். “இது நம்ம ரமணிசந்திரன் கதைதானேடி! நடுவுல ஒரு டிராகனை விட்டிருக்கா, அவ்வளவுதான்.”

சிரித்தோம். ஆனால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மோதலில் தொடங்கிக் காதலில் முடியும் கதை, பணிந்து போகாத பெண், உள்ளுக்குள் உருகும் ஆணவக்காரன். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களில் ரமணிசந்திரன் கட்டிய வீடு அது. என் அம்மா அந்த வீட்டில் குடியிருந்தவர். நான் இயற்பியல் நோட்டுக்குள் வைத்து அதே வீட்டுக்குள் திருட்டுத்தனமாகப் போய் வந்தவள். என் மகள் வேறு மொழியில், வேறு வாசல் வழியாக நுழைந்திருக்கிறாள்.

இந்த அலை எவ்வளவு பெரியது என்பது இங்கே பதின்வயதுப் பெண்பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குத் தெரியும். ‘ஃபோர்த் விங்’ 2023-இல் வந்தது. அதன் மூன்றாம் பாகமான ‘ஆனிக்ஸ் ஸ்டார்ம்’ 2025 ஜனவரியில் வெளியாகி, முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் விற்றது. சாரா ஜே. மாஸின் தேவதை உலகக் கதைகளுக்கு இன்னொரு கூட்டம். டெக்சாஸின் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்த காலீன் ஹூவர், சமூகப் பணியாளராக இருந்தவர். 2012-இல் தன் முதல் நாவலைத் தானே வெளியிட்டு, இன்று கடைகளில் தனி மேசையே பிடித்திருக்கிறார். டிக்டாக்கில் யாரோ ஒரு பெண் ஒரு புத்தகத்தைப் படித்து அழுதால் போதும், அடுத்த வாரம் பார்ன்ஸ் அண்ட் நோபிளில் அது தீர்ந்துவிடுகிறது. நூலகத்தின் லிப்பி செயலியில் வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு பக்கம் பெற்றோரின் கவலை. ‘இந்த வயசுல காதல் கதையா?’, ‘எஸ்.ஏ.டி. தேர்வுக்கு இதுவா உதவப்போகுது?’ என்று வாட்ஸ்அப் குழுக்களில் புலம்பல். இந்தக் கவலையை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ‘ஃபோர்த் விங்’ பெரியவர்களுக்காக வெளியிடப்பட்ட புத்தகம். மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ 2015-இல் இளையோர் நாவலாக வந்து, 2020-இல் புது அட்டையோடு பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றப்பட்டது. படுக்கையறைக் காட்சிகள் உண்டு. அட்டையில் பூவும் கொடியும் இருப்பதால் குழந்தைப் புத்தகம் என்று நினைத்து வாங்கித்தந்த அப்பாக்களை எனக்குத் தெரியும்!

அதற்காகப் பிடுங்கி வைப்பதா? டெக்சாஸ் அரசு 2023-இல் பள்ளி நூலகப் புத்தகங்களுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. புத்தக விற்பனையாளர்களே ஒவ்வொரு நூலிலும் பாலியல் உள்ளடக்கம் எவ்வளவு என்று தரம் பிரிக்க வேண்டும் என்றது. அந்தப் பகுதியை நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. பிள்ளை எதைப் படிக்கிறாள் என்று பார்க்கும் வேலையை அரசிடமும் கடைக்காரரிடமும் ஒப்படைக்க முடியாது. அது நம் வேலை. அதற்கு ஒரே வழி, அந்தப் புத்தகத்தை நாமும் படிப்பதுதான். நான் படித்தேன். சில பக்கங்களில் சங்கடமாக இருந்தது உண்மை. மறுநாள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, அந்தக் கதாநாயகன் அவளிடம் சம்மதம் கேட்ட விதம் பற்றி மகளிடம் பேச முடிந்ததும் உண்மை. அறிவுரையாகச் சொல்லியிருந்தால் அவள் அறைக்கதவு சாத்தியிருக்கும்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்தக் கவலை இல்லை. பேத்தி கதை சொன்ன அன்றைக்கு இரவு அம்மா கேட்ட ஒரு கேள்வி. “ஞாயித்துக்கிழமை தவறாம தமிழ்ப் பள்ளிக்குப் போறாளே, இந்த மாதிரி ஒண்ணைத் தமிழ்ல படிக்க மாட்டாளா?”

மாட்டாள். ஏன் என்று யோசித்தால், குற்றம் அவள் மீது இல்லை.

அமெரிக்கத் தமிழர்கள் தமிழுக்காகச் செய்திருப்பது சாதாரணமில்லை. விரிகுடாப் பகுதியில் 1998-இல் கலிபோர்னியா தமிழ்க் கழகம் தொடங்கியது. இன்று நியூ ஜெர்சி, டெக்சாஸ் என எங்கு பார்த்தாலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள். சம்பளம் வாங்காத ஆசிரியர்கள், சனி ஞாயிறைத் தியாகம் செய்யும் பெற்றோர்கள். உயர்நிலைப் பள்ளியை முடிக்கும்போது இரண்டு மொழித் திறனுக்காகச் சான்றிதழில் தரப்படும் முத்திரையை கலிபோர்னியா 2011-இல் சட்டமாக்கியது. நியூ ஜெர்சி 2016-இல் ஏற்றது. நம் பிள்ளைகள் தமிழுக்காக அதை வாங்குகிறார்கள். பெருமைதான்.

அப்புறம்? முத்திரை கிடைத்ததும் தமிழ்ப் புத்தகம் பெட்டிக்குள் போய்விடுகிறது. காரணம் எளிது. நாம் தமிழைப் பாடமாகக் கொடுத்தோம், கடமையாகக் கொடுத்தோம், பெருமையாகக் கொடுத்தோம். ஆசையாகக் கொடுக்கவில்லை. அவளுடைய மனசுக்கு 15 வயது. தமிழ் வாசிப்புக்கு 7 வயது. 15 வயது மனசு காதல், துரோகம், வீரம், சாகசம் எல்லாம் கேட்கிறது. 7 வயது வாசிப்புக்கு நாம் நீட்டுவது காக்கா வடை கதை. யாருக்குத்தான் பிடிக்கும்?

நமக்கு ஊரில் ஒரு ஏணி இருந்தது. அதை நாம் ஏணி என்று உணரக்கூட இல்லை. முதல் படி 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம். அடுத்து 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு வந்த முத்து காமிக்ஸ். அதற்கு மேல் பெட்டிக்கடையில் தொங்கிய மாத நாவல்கள். ராணிமுத்து 1969-இலிருந்தே வந்துகொண்டிருந்தது. அப்புறம் லட்சுமி. மருத்துவம் படிக்கும்போதே எழுதத் தொடங்கி, தென்னாப்பிரிக்காவில் பல வருடம் வாழ்ந்து, 1984-இல் சாகித்திய அகாதமி விருது வாங்கியவர். கடல் கடந்து வாழ்ந்தும் தமிழில் எழுதியவர். மேல் படியில் கல்கியும் சாண்டில்யனும். ‘கடல் புறா’வில் கடற்போர் ஒரு பக்கம், வர்ணனை ஒரு பக்கம். அந்த வர்ணனைப் பக்கங்களுக்காகவே அப்பாக்கள் புத்தகத்தைப் பரண்மேல் வைத்தார்கள். நாங்களும் ஸ்டூல் போட்டு எடுத்தோம். படிப்பு வந்தது அப்படித்தான்.

எடிசனிலோ ஃப்ரீமான்ட்டிலோ ஃப்ரிஸ்கோவிலோ பெட்டிக்கடை இல்லை, வாடகை நூல் நிலையம் இல்லை. ஏணியின் முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. ஆத்திசூடியிலிருந்து நேரே பொன்னியின் செல்வனுக்குத் தாவச் சொல்கிறோம். 2022-லும் 2023-லும் மணிரத்னம் படம் வந்தபோது இங்கே பல பிள்ளைகள் வந்தியத்தேவன் மீது பைத்தியமானார்கள். ஆனால் ஐந்து பாகத்தை எழுத்துக்கூட்டி எப்படிப் படிப்பார்கள்? ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடிப்போனார்கள். அதுவும் நல்லதுதான்; தமிழுக்கு அவர்கள் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

மற்ற இந்தியப் பிள்ளைகளின் கதைகள் இதற்குள் கடைக்கு வந்துவிட்டன. சாயந்தனி தாஸ்குப்தாவின் ‘தி சர்ப்பன்ட்ஸ் சீக்ரெட்’ (2018) கதாநாயகி கிரண்மாலா, நம் நியூ ஜெர்சி பார்சிப்பனியில் வாழும் ஆறாம் வகுப்பு மாணவி. வங்காளப் பாட்டிக் கதைகளின் அரக்கர்கள் அவள் வீட்டுக்குள் நுழைகிறார்கள். ரோஷனி சோக்ஷி பாண்டவர் கதையை அட்லாண்டாவுக்குக் கொண்டுவந்தார். சந்தியா மேனனின் ‘வென் டிம்பிள் மெட் ரிஷி’ (2017), சான் பிரான்சிஸ்கோவில் கோடிங் முகாமுக்கு வரும் பெண்ணின் காதல் கதை. பிள்ளைகள் விரும்பிப் படிக்கிறார்கள். தன் முகமும் தன் வீட்டுச் சாப்பாடும் கதையில் வந்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

நம்மிடம் கதை இல்லையா என்ன? ஒரு கதையை அந்தப் பிள்ளைகளின் மொழியில் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு பெண். பேரழகி. இளவரசன் ஒருவன் அவளைத் துரத்துகிறான். கடல் தெய்வம் ஒன்று அவளைத் தூக்கத்திலேயே ஒரு தீவுக்குக் கொண்டுபோய்விடுகிறது. அங்கே அவளுக்குத் தெரியவருகிறது: போன பிறவியில் அந்த இளவரசன்தான் அவள் கணவன். மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. வேறு உருவம் எடுக்கலாம், வானத்தில் பறக்கலாம், பசியை வெல்லலாம். பிறகு அள்ள அள்ளக் குறையாத ஒரு பாத்திரம். இளவரசனிடமிருந்து தப்ப அவள் வேறொருத்தியின் உருவம் எடுக்கிறாள். அந்த வேறொருத்தியின் கணவன், தன் மனைவியைத்தான் இளவரசன் துரத்துகிறான் என்று நினைத்து வாளை உருவி அவனைக் கொன்றுவிடுகிறான்.

அதுதான் மணிமேகலை. ரொமான்டசி என்று இன்று பெயர் வைத்துக் கோடிக்கணக்கில் விற்கும் சரக்கு எல்லாம் அதில் இருக்கிறது. நாம் பிள்ளைகளுக்கு அதை எப்படிச் சொல்லித்தருகிறோம்? ‘ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று. இயற்றியவர் சீத்தலைச் சாத்தனார்.’ இரண்டு மதிப்பெண்.

தேவை பெரிய மாநாடு இல்லை. எளிய தமிழில், சின்னச் சின்ன வாக்கியங்களில், 14 வயது மனசுக்கான கதைகள். மொழி கற்பவர்களுக்கென்றே கதை சுவாரசியமாகவும் சொற்கள் எளிதாகவும் எழுதப்பட்ட நூல்கள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, இணையத்தில் இலவசம். அவற்றைச் சுருக்கி எளிமையாக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இணையத்தில் தொடர்கதை எழுதிக் குவிக்கும் தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் சிலர் இந்தப் பிள்ளைகளுக்காகவும் எழுதலாமே? தமிழ்ப் பள்ளிகள் பரிசாகக் கோப்பை கொடுப்பதற்குப் பதில், காதலும் சண்டையும் உள்ள ஒரு புத்தகம் கொடுக்கலாமே?

புத்தகம் வரும்வரை வாய் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி என் அம்மா மணிமேகலை கதையைப் பேத்திக்குச் சொன்னார். தீவில் கண் விழிக்கும் இடத்தில், தூக்கம் வருகிறது என்று வேண்டுமென்றே நிறுத்திவிட்டார். பழைய தொடர்கதை வாசகியாயிற்றே! மறுநாள் பள்ளி விட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள். டிராகன் புத்தகம் அன்று மேசையிலேயே கிடந்தது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பருப்புப் பொடிக்கும் முறுக்குக்கும் நடுவில் பெட்டியில் இரண்டு நாவல்களுக்கு இடம் விடுங்கள். கொண்டுவந்து பிள்ளையின் கையில் கொடுத்து, ‘படி, தமிழ் வளரும்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். ‘அது உன் வயசுக்கு இல்லை’ என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.