கூடுதல் சம்பளமா, கூடுதல் விடுப்பா?

கறிவேப்பிலையும் வாழையிலையும் காப்பிப்பொடியும் ஒரே தெருவில் கிடைப்பதால், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் நம்மவர்களுக்கு இன்னொரு சொந்த ஊர். அப்பகுதியில் வாழும் வாடிக்கையாளர் ஒருவர் அண்மையில் இரண்டு பணி நியமனக் கடிதங்களுடன் என்னைச் சந்தித்தார். ஒன்றில் ஆண்டுச் சம்பளம் 6,00,000 ரூபாய், சம்பளத்துடன் கூடிய விடுப்பு 30 நாள். மற்றதில் 6,30,000 ரூபாய், விடுப்பு 15 நாள். கும்பகோணத்தில் அவருடைய தாயார் தனியே வாழ்கிறார்.

"முப்பதாயிரத்தை விட்டுவிடலாமா, சார்?" என்று கேட்டார்.

கணக்கிட்டுப் பார்த்தோம். வார ஓய்வும் பண்டிகை நாள்களும் நீங்கலாக ஆண்டுக்கு 250 வேலை நாள் எனக் கொள்வோம். முதல் பணியில் உழைப்பது 220 நாள்; ஒரு நாளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 2,727 ரூபாய். இரண்டாவதில் 235 நாள். கிடைப்பது 2,681 ரூபாய். கூடுதலாக உழைக்கும் 15 நாளின் விலை நாளொன்றுக்கு 2,000 ரூபாய்தான். இரண்டும் சமமாக வேண்டுமெனில் இரண்டாம் நிறுவனம் ஏறத்தாழ 6,41,000 ரூபாய் தரவேண்டும்.

ஆயினும் சம்பளத்தின் பக்கமும் நியாயம் உண்டு. அடிப்படைச் சம்பளம் உயர்ந்தால் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் உயரும். அடுத்த ஊதிய உயர்வும் அதன்மீதே கணக்கிடப்படும். அதிக வட்டிக் கடன் உள்ளவருக்குக் கையில் வரும் பணமே முதன்மையானது.

விடுப்பிலும் கேட்டறிய வேண்டியவை உண்டு. கேட்டவுடன் கிடைக்குமா? அடுத்த ஆண்டுக்குச் சேருமா? பணமாக மாற்ற இயலுமா? பணியில் இருக்கும்போது பெறும் விடுப்புப் பணம் வருமான வரிக்கு உட்பட்டது. ஓய்வு பெறும்போது பெறுவதற்கு, அரசு சாராத ஊழியர்களுக்கு 25 லட்சம் ரூபாய் வரை விலக்கு உண்டு. 3 லட்சமாக இருந்த இவ்வரம்பு 2023 ஏப்ரல் முதல் உயர்த்தப்பட்டது. எடுக்கவும் இயலாத, சேர்க்கவும் இயலாத விடுப்பு ஏட்டுச் சுரைக்காயே.

நண்பருக்குக் கடன் இல்லை. சென்னைக்கு ரயிலில் ஒரு நாளுக்கும் மேல். அங்கிருந்து கும்பகோணத்திற்கு மேலும் ஓர் இரவு. போக, வர நான்கு நாள் கழியும். ஆண்டுக்கு இருமுறை சென்றால் 15 நாள் விடுப்பில் எட்டு நாள் பயணத்திலேயே தீரும். தாயாருடன் இருக்க எஞ்சுவது ஏழே நாள். 30 நாள் விடுப்பில் எஞ்சுவது இருபத்திரண்டு.

அவர் முதல் கடிதத்தில் கையொப்பமிட்டார். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால், விற்கும் நாளின் விலையை அறிந்த பின்னரே கையொப்பமிடுங்கள்.