மாடிப்படிக்குக் கீழே சார்ஜர்

தெற்கு தில்லியின் முனிர்கா கிராமத்தில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் வாடகை வீடுகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். தெருவை ஒட்டி இரும்புக் கதவு. உள்ளே கால் வைத்ததும் சுவரில் வரிசையாக மின்மீட்டர்கள். மீட்டர்களுக்குக் கீழே கைப்பிடியோடு கைப்பிடி உரச இருசக்கர வண்டிகள். அவற்றை ஒதுக்கிக்கொண்டு போனால் மாடிப்படி. ஜேஎன்யு மாணவர்கள், வடகிழக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம்மூர்ப் பையன்கள், டெலிவரிக்குப் போகிறவர்கள் என்று நாலைந்து மாடிகளில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஏறவும் இறங்கவும் அந்த ஒரு படிதான். அந்த வண்டி வரிசையில் இப்போது மின்ஸ்கூட்டர்களும் சேர்ந்துவிட்டன. மீட்டர் பலகையை ஒட்டிய பிளக்கிலிருந்தோ, முதல் மாடி ஜன்னல் வழியே இறங்கும் எக்ஸ்டென்ஷன் ஒயரிலிருந்தோ அவற்றுக்கு மின்சாரம் வருகிறது. இரவு படுக்கப்போகும்போது செருகினால் காலையில்தான் கழற்றுகிறார்கள்.

மின்வண்டி வாங்காதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஸ்வீடன் அரசின் பேரிடர்ப் பாதுகாப்பு முகமை 2022-க்கு ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறது. அந்நாட்டில் ஓடிய சுமார் 6,11,000 மின்கார், ஹைபிரிட் கார்களில் அந்த ஆண்டு தீப்பிடித்தவை 23. பெட்ரோல், டீசல் கார்கள் 44 லட்சத்தில் சுமார் 3,400. விகிதம் பார்த்தால் பெட்ரோல் கார்தான் அதிகம் எரிகிறது. எரிபொருள் அளவும் அப்படித்தான்: ஐந்து லிட்டர் பெட்ரோலுக்குள் இருக்கும் ஆற்றல், ஸ்கூட்டர் பேட்டரி முழு சார்ஜில் சேமித்து வைத்திருப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்.

ஆனால் நிறுத்திவைத்த பைக்கின் டாங்கில் இரவு முழுக்க யாரும் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருப்பதில்லை. மின்ஸ்கூட்டருக்குள் ஆற்றல் ஏறுவது வீடு தூங்கும் நேரத்தில், வீட்டுக்குள்ளேயே. என் கவலை வண்டியைப் பற்றியது அல்ல, அது சார்ஜ் ஆகும் இடத்தைப் பற்றியது.

வேலூர் சின்ன அல்லாபுரத்தில் 2022 மார்ச் 25 இரவு நடந்தது இதுதான். வாங்கிச் சில நாளே ஆன மின்ஸ்கூட்டரைச் சார்ஜில் போட்டுவிட்டு ஒரு தந்தையும் 13 வயது மகளும் தூங்கப் போனார்கள். வண்டி எரிந்தது, பக்கத்தில் நின்ற பெட்ரோல் பைக்கும் பற்றிக்கொண்டது. வெளியே வர முடியாமல் இருவரும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று செகந்திராபாத் ரூபி விடுதிக்குக் கீழே இயங்கிய மின்ஸ்கூட்டர் விற்பனையகத்தில் தீப்பிடித்தது. தீ கீழே, இறந்த எட்டுப் பேரும் மேலே தங்கியிருந்தவர்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. சீனாவின் நான்ஜிங் நகரில் 2024 பிப்ரவரி 23 அன்று ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் மின்சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் தொடங்கிய தீக்கு 15 பேர் பலியானார்கள்.

தில்லிக்குள்ளேயே ஒன்று உண்டு. 2024 மார்ச் 14 விடியற்காலை, ஷாஹ்தரா பக்கம் சாஸ்திரி நகரில் நான்கு மாடி வீட்டின் தரைத்தள வண்டி நிறுத்தத்தில் தீ. கணவன், மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள் என நாலு பேர் போனார்கள். அதை மின்வண்டித் தீ என்று நான் எண்ணிக் காட்டவில்லை. கீழே வண்டி எரிந்தால் மேலே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதற்கு அது போதும். வீட்டு நடுவில் ஓடும் மாடிப்படி அந்த நேரத்தில் புகைபோக்கியாகிவிடுகிறது. ஜன்னல்களில் திருட்டுப் பயத்துக்காகப் போட்ட இரும்புக் கம்பி. மொட்டைமாடிக் கதவில் பூட்டு, சாவி வீட்டுக்காரரிடம்.

பேட்டரிப் புகை, விறகுப் புகையைப் போன்றதல்ல. லித்தியம் அயன் செல்லுக்குள் இரு முனைகளையும் பிரித்து வைத்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள். உற்பத்திக் கோளாறோ, அடிபட்டதோ, தண்ணீர் புகுந்ததோ, அளவுக்கு மீறிய சார்ஜோ, ஏதோ ஒன்றால் சூடு 130 டிகிரியைத் தாண்டினால் அந்தத் தாள் உருகத் தொடங்கும். உள்ளே ஷார்ட் ஆகும். அந்தச் சூடு அடுத்த செல்லுக்குப் போகும், அது அதற்கடுத்ததற்கு. நிக்கல் வகைச் செல்களில் 200 டிகிரி வாக்கில் நேர்முனைப் பொருளே ஆக்சிஜனை வெளியிட ஆரம்பிக்கிறது. அதனால் மணலைக் கொட்டியோ சாக்கைப் போட்டு மூடியோ இதை அணைக்க முடியாது. பவுடர் சிலிண்டர் சுவாலையை அடக்கலாம். செல்லின் சூட்டை இறக்காது. சூட்டை இறக்கத் தண்ணீர்தான் வேண்டும், நிறைய வேண்டும். வெளியேறும் வாயுவில் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு எல்லாம் உண்டு.

"எங்களுடையது எல்எஃப்பி, தீயே பிடிக்காது" என்று கடைக்காரர் சொல்வார். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற அந்தப் பேட்டரி வகை நிக்கல் வகையைவிட நிதானமானது என்பது உண்மை. கட்டுமீறிச் சூடாகாமல் ஏறக்குறைய 270 டிகிரி வரை தாங்கும். ஆனால் அதற்குப் பிறகு அது விடும் வாயுவும் எரியக்கூடியதே. மூடிய படிக்கட்டுக்குள் அது தேங்கி ஒரு பொறி பட்டால் வெடிக்கும். தலைக்கு மேலே மீட்டர் பலகை இருப்பதை நினைவில் வையுங்கள்.

2022-இல் தீ விபத்துகள் அடுத்தடுத்து வந்தபோது அரசு சும்மா இருக்கவில்லை. டிஆர்டிஓ-வின் தீ, வெடிபொருள் ஆய்வு மையத்திடம் விசாரணை போனது. அந்த ஆண்டு ஏப்ரலில் தயாரிப்பு நிறுவனங்களான ஒகினாவா 3,215 வண்டிகளையும், பியூர் இவி 2,000 வண்டிகளையும், ஓலா 1,441 வண்டிகளையும் திரும்ப அழைத்தன. ஏஐஎஸ் 156 என்ற பேட்டரித் தரவிதி இறுக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. செல்லுக்குச் செல் இடைவெளி, வெப்ப உணரிகள், உள்ளே சூடேறினால் ஓட்டுநருக்கு எச்சரிக்கை ஒலி என்று பல நல்ல அம்சங்கள் அதில் இருக்கின்றன. இன்று ஷோரூமில் வாங்கும் வண்டி 2021 வண்டியைவிடப் பாதுகாப்பானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

விதி பார்ப்பது பேட்டரியை. பேட்டரி நிற்கும் படிக்கட்டை யார் பார்க்கிறார்கள்? தில்லியில் 15 மீட்டருக்கு உட்பட்ட குடியிருப்புக் கட்டடங்களுக்குத் தீயணைப்புத் துறையின் சான்று கட்டாயமில்லை. லால் டோரா எனப்படும் கிராமக் குடியிருப்பு எல்லைக்குள் இருக்கும் வீடுகளோ கட்டட அனுமதிக்கே நெடுங்காலம் விலக்குப் பெற்றவை. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்கு உட்பட்ட ஸ்கூட்டர்களுக்குப் பதிவெண்ணே வேண்டாம். டெலிவரிப் பிள்ளைகள் பலர் ஓட்டுவது இந்த ரகத்தைத்தான். பழைய வண்டிக்கு மலிவாகச் செல் மாற்றிக் கட்டிக்கொடுக்கும் கடைகள் எந்தச் சோதனைக்கூடத்துக்கும் போவதில்லை.

இ-ரிக்‌ஷா வேறு கதை. பலவற்றில் இருப்பது நான்கு லெட் ஆசிட் பேட்டரிகள். அவை சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் அது 4 சதவீதத்தைத் தொட்டால் பற்றும். கூரை போட்ட கொட்டகையில் பத்து ரிக்‌ஷாவை அடைத்து இரவெல்லாம் சார்ஜ் போடுவது எப்படிப் பார்த்தாலும் தவறு.

கழற்றி எடுக்கும் பேட்டரியை அறைக்குத் தூக்கிக்கொண்டு போவது இன்னும் மோசம். விஜயவாடாவில் 2022 ஏப்ரலில் படுக்கையறையில் சார்ஜில் இருந்த பேட்டரி வெடித்து ஒருவர் உயிரிழந்தார். வாடகை ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் பேட்டரி மாற்றும் நிலையத்தைப் பயன்படுத்துவது நல்லது. எரிந்தாலும் அது வீட்டில் எரியாது.

சொந்த வண்டி என்றால் வீட்டுக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: இரும்புக் கதவுக்கு வெளியே, தெருச் சுவரில், எர்த் உள்ள தனி 16 ஆம்பியர் பிளக், அதற்கென எம்சிபி, ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்சுகள். எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் கூலியையும் சேர்த்துப் பார்த்தாலும் வண்டி விலையில் அது ஒரு சிறு துளி. அது நடக்காது என்றால், விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் சார்ஜ் செய்யுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடாது. வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறெதுவும் கூடாது. 2024 மே 29 அன்று சஃப்தர்ஜங்கில் 46.8 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட மதியத்தில் ஓட்டி வந்து உடனே செருகாமல் பேட்டரி ஆறட்டும். கீழே விழுந்த, மழைநீரில் மூழ்கிய, உப்பிய, இனிப்பான ரசாயன வாடை வரும் பேட்டரியைச் சார்ஜில் போடவே வேண்டாம். மொட்டைமாடிச் சாவியின் நகல் ஒவ்வொரு மாடியிலும் இருக்கட்டும்.

கீழே புகை கிளம்பிவிட்டால் அதற்குள் இறங்க முயல வேண்டாம். படி இன்னும் தெளிவாக இருந்தால் மொட்டைமாடிக்குப் போகலாம். இல்லையென்றால் அறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி வைத்து, தெருப் பக்க ஜன்னலுக்கு வாருங்கள். 101-க்கோ 112-க்கோ பேசும்போது "பேட்டரி வண்டி எரிகிறது, மேலே ஆட்கள் இருக்கிறார்கள்" என்பதை முதலில் சொல்லுங்கள். கூடவே, தீயணைப்பு வண்டி எந்த முனை வரை வர முடியும் என்பதையும் சொல்லுங்கள். முனிர்காவின் உள்சந்துகளுக்குள் பெரிய தீயணைப்பு வண்டி நுழையாது. குழாயை இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

அணைந்த பேட்டரி மணிக்கணக்கு கழித்துக்கூட மறுபடி பற்றும். அதை உள்ளே கொண்டுவராமல் வெட்டவெளியில், மற்ற வண்டிகளிலிருந்து தள்ளி வையுங்கள். கபாடிக்காரருக்கு எடைக்குப் போடவும் வேண்டாம். அவரிடம் போகும் செல்கள்தான் மலிவுப் பேட்டரியாகத் திரும்பி வருகின்றன. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரித்த நிறுவனத்துடையது. வாங்கிய ரசீதோடு அவர்களிடமே கேளுங்கள்.