சரக்கு வரும் வழியைச் சரியாகச் சொல்கிறோமா?

சரக்கு தாமதமானால் லாரி செட்டைக் கோபிக்கிறோம், டிரைவரைக் கோபிக்கிறோம். ஆனால் பல நேரங்களில் எண்ணூறு கிலோமீட்டர் ஒழுங்காக ஓடி வந்த லாரி, பைபாஸிலிருந்து நம் குடோனுக்கு வரும் நான்கு கிலோமீட்டரில்தான் அரை நாளைத் தொலைக்கிறது. அந்த நான்கு கிலோமீட்டருக்கு வழி சொல்ல வேண்டியவர் நாமே.

ஒரு மழைக்காலத்தில் எனக்கே நேர்ந்ததைச் சொல்கிறேன். கலபுரகியிலிருந்து துவரம்பருப்பு ஏற்றி வந்த பத்துச் சக்கர லாரி. டிரைவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இரவு பதினொரு மணிக்குப் போன் செய்தார். "பழைய தியேட்டருக்கு எதிரே, நேராக வாங்க" என்று தூக்கக் கலக்கத்தில் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். அந்தத் தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டி வெகு நாளாகிறது. உள்ளூர்க்காரர்களுக்குத்தான் அது இன்னும் தியேட்டர். அவர் செல்போன் வரைபடத்தை நம்பி ஏரிக்கரைப் பாதையில் இறங்கிவிட்டார். இடது பக்கப் பின் சக்கரங்கள் மண்ணில் புதைந்தன. விடிந்த பிறகு பாதி மூட்டைகளை இறக்கி, டிராக்டர் கட்டி இழுத்தோம். இருபத்தெட்டு மூட்டை நனைந்து போயிற்று. வண்டி ஏரிப்பக்கம் சாய்ந்திருந்தால் மனிதர்களே போயிருப்பார்கள். நஷ்டத்தை என் கணக்கிலேயே எழுதினேன், தவறு என்னுடையது என்பதால்.

லாரி ஏன் இப்படி மாட்டிக்கொள்கிறது? லாரியின் அகலம் சட்டப்படி 2.6 மீட்டர் வரை இருக்கலாம். ஏறக்குறைய எட்டரை அடி. பக்கக் கண்ணாடிகள் அதற்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒற்றைத் தடச் சாலையில் தார் போட்ட அகலம் 3.75 மீட்டர்தான். போக்குவரத்துக் குறைந்த கிராமச் சாலைகளில் 3 மீட்டரே இருப்பதும் உண்டு. எதிரே ஒரு டவுன் பஸ் வந்தால் ஒருவர் மண்ணில் இறங்கியே ஆக வேண்டும். வெயில் காலத்தில் அந்த மண் தாங்கும். மழை பெய்து ஊறியபின் பார்வைக்குக் கெட்டியாகத் தெரியும், சக்கரம் ஏறியதும் உள்ளே போய்விடும். வாய்க்கால் கரை, ஏரிக்கரைச் சாலைகளில் இது கூடுதல் ஆபத்து.

அடுத்து, திருப்பம். லாரி திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்தில் போவதில்லை, வளைவின் உள்பக்கமாக ஒடித்துக்கொண்டு போகும். கார் சுலபமாகத் திரும்பும் முக்கில் லாரியின் பின்புறம் கடைப்படியை, சாக்கடை மூடியை, மின்கம்பத்தை இடிப்பது இதனால்தான். வண்டி நீளமாக ஆக, உள்ளே ஒடிப்பதும் கூடும். "போன வாரம் ஒரு லாரி வந்துதே" என்று நாம் சொல்வோம். வந்தது ஆறு சக்கரமா, பன்னிரண்டு சக்கரமா என்பதை யோசிப்பதில்லை. உயரமும் அப்படியே. தார்ப்பாய் கட்டிய லோடுக்குத் தாழ்ந்த மின்கம்பியும், ரயில் பாலத்துக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதையும் எமன்.

செல்போன் வரைபடம் இருக்கிறதே என்பார்கள். நம் கையிலுள்ள வரைபடம் காரா, இரு சக்கர வாகனமா என்று கேட்கிறதே தவிர, லாரியின் உயரமும் எடையும் என்ன என்று கேட்பதில்லை. 2024-இல் சென்னை, கோவை உள்ளிட்ட சில நகரங்களில் குறுகிய சாலைகளைத் தவிர்க்கும் வசதி வந்தது, அதுவும் கார்களை மனத்தில் வைத்துத்தான். தூரம் குறைவு என்று வரைபடம் காட்டும் வழி லாரிக்குக் குறுக்கு வழியாகாது. சாம்ராஜ்நகரிலிருந்து சத்தியமங்கலம் வர திம்பம் மலைப்பாதை நேர் வழிதான். ஆனால் அங்கே 27 கொண்டை ஊசி வளைவுகள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்கும், கனரக வாகனங்களுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. இதையறியாமல் வரும் வண்டி சோதனைச்சாவடியில் நிற்கும், அல்லது திரும்பிப் போகும்.

வழி தவறுவதில் இன்னொரு செலவும் மறைந்திருக்கிறது. இ-வே பில் சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லும். 2020 வரை இது 100 கிலோமீட்டராக இருந்தது, 2021 ஜனவரியில் மாற்றினார்கள். லாரி சேற்றில் கிடக்கும்போது காலம் முடிந்தால், முடிவதற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் காரணம் காட்டி நீட்டிக்கலாம். அதையும் விட்டுவிட்டுப் பிடிபட்டால், சரக்கை மீட்க வரியைப் போல் இரு மடங்கு அபராதம் கேட்கப்படலாம்.

நம்மில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. கடை பஜாரில், குடோன் பைபாஸ் பக்கம். ஆனால் பில்லிலும் லாரி ரசீதிலும் கடை முகவரியையே எழுதச் சொல்லிவிடுகிறோம். டிரைவர் எழுதியிருக்கும் இடத்துக்குத்தான் வருவார். பஜாரில் நுழைந்த லாரி பின்னால் வரவும் வழியின்றி நிற்க, தெரு முழுவதும் நம்மைத் திட்டும். குடோனை ஜி.எஸ்.டி. பதிவில் கூடுதல் வணிக இடமாகக் காட்டி, சரக்கு இறங்கும் இடம் என்ற கட்டத்தில் குடோன் முகவரியையே போடச் சொல்ல வேண்டும். பின்கோடு மட்டும் போதாது. ஒரு பின்கோடில் பத்துக் கிராமம் இருக்கும். காந்தி ரோடும் பஜார் தெருவும் எந்த ஊரில் இல்லை?

வழி சொல்லும்போது நெடுஞ்சாலையில் எந்த இடத்தில் பிரிய வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். இன்றைக்கும் நிற்கிற அடையாளத்தைச் சொல்லுங்கள், பெட்ரோல் பங்க், தண்ணீர்த் தொட்டி, கோயில் கோபுரம் என்று. எந்தப் பாதையில் வரக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதுதான் முக்கியம். பகலில் கனரக வண்டிக்குத் தடையுள்ள நகரமானால் அந்த நேரத்தையும் சொல்லிவிடுங்கள். குடோன் வாசலில் நின்று செல்போனில் இருப்பிடத்தை எடுத்து அனுப்பலாம், வீட்டில் படுத்தபடி அனுப்பினால் லாரி வீட்டுக்குத்தான் வரும்! இரவில் வரும் வண்டிக்குப் பையனை ஒரு மொபெட்டில் பைபாஸுக்கு அனுப்பி முன்னே வரச்சொல்வது இன்றும் எல்லாவற்றையும்விட நல்லது.

பெரிய லாரி நுழையவே முடியாத தெருவில் குடோன் வைத்திருப்பவர்கள் மெயின் ரோட்டிலேயே நிறுத்தி, குட்டி யானையில் மாற்றிக் கொண்டுபோகலாம். அந்த வாடகையும் இறக்குக் கூலியும் யார் பொறுப்பு என்பதை லோடு புக் செய்யும்போதே பேசி, லாரி ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி வந்து நின்றபின் பேசினால் ஹால்டிங் கட்டணமும் சேர்ந்துகொள்ளும்.